எல்லைக் கோடும் இல்லத்தின் விலையும்

ஒரு நகரத்தின் படத்தை மேசைமேல் விரித்து, வீதியொன்றின் நடுவே கோடு இழுத்து, இப்புறத்துப் பிள்ளைகள் இன்ன பாடசாலைக்கு, அப்புறத்துப் பிள்ளைகள் இன்ன பாடசாலைக்கு என்று வகுத்துவிடுவது கல்வி நிருவாகத்தார்க்கு ஒரு மாலைப் பொழுதின் வேலை. அக்கோடு விழுந்த வீதியிற் குடியிருப்போர்க்கோ அது ஒரு தலைமுறையின் செய்தி. பிள்ளை எவரோடு அமர்ந்து படிக்கும், எந்நேரத்தில் வீட்டைவிட்டுப் புறப்படும், பெற்றார் வாழ்நாட் கடன்பட்டு வாங்கிய வீடு நாளை என்ன விலைக்குப் போகும் என்பனவெல்லாம் அந்தக் கோட்டிலே தொங்குகின்றன. ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியில், வட கரோலினா மாநிலத்துச் சார்லட் என்னும் நகரம் இத்தகைய கோடுகளை ஏறக்குறைய அறுபது ஆண்டுகளாக இழுத்தும் அழித்தும் மீண்டும் இழுத்தும் வந்திருக்கின்றது. அந்நகரின் வரலாறே இங்கு எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் அந்நாட்டு வழக்கத்தைச் சிறிது விளக்குதல் வேண்டும். இலங்கையில் முதலாம் வகுப்பு அனுமதிக்காகக் காணி உறுதியையும் வாக்காளர் இடாப்பையும் கையிற் கொண்டு, வீட்டுக்கும் பாடசாலைக்குமுள்ள தூரத்தை எண்பித்து நிற்கும் பெற்றாரைக் கண்டவர்களுக்கு இதனை விளக்குவது கடினமன்று. ஆயின் அமெரிக்காவின் பெரும்பாலான இடங்களில் தூரம் பேசுவதில்லை, கோடே பேசுகின்றது. பாடசாலையின் மணியோசை கேட்கும் இடத்தில் வீடு இருப்பினும் அது கோட்டுக்கு அப்பாலாயின் இடமில்லை. ஐந்து மைல் தள்ளியிருப்பினும் கோட்டுக்கு உட்பட்டதாயின் இடமுண்டு. அக்கோடுகளும் இருவகைப்படும். ஒன்று பாடசாலை மாவட்டத்தின் எல்லை. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனித்தனியே கல்விச் சபை உண்டு, பணமும் பெரும்பாலும் தனித்தனியே. மற்றொன்று ஒரே மாவட்டத்துக்குள்ளே பாடசாலைக்குப் பாடசாலை பிரிக்கும் சேர்க்கை எல்லை. முன்னையது மலைபோல அசையாதது. பின்னையதைக் கல்விச் சபை ஒரு வாக்கெடுப்பினால் மாற்றிவிடலாம். இந்த வேறுபாட்டை மனத்திலிருத்திக் கொண்டால் பின்வரும் கதை முழுவதும் தெளிவாகும்.

வீட்டின் விலையிற் பாடசாலையின் விலை எவ்வளவு என்பதைப் பிரித்தறிவது எளிதன்று. நல்ல பாடசாலையுள்ள பகுதியில் நல்ல வீதிகளும் நிழல் மரங்களும் செல்வமுள்ள அயலவரும் இருத்தல் இயல்பு. வாங்குவோன் எதற்காகப் பணம் கொடுத்தான் என்று எவ்வாறு கூறுவது? சாந்திரா பிளாக் என்னும் பொருளியலறிஞர் 1999ல் வெளியிட்ட ஆய்வொன்றில் இதற்கு ஓர் உபாயம் கண்டார். பொஸ்டன் நகரின் புறநகர்களிலே சேர்க்கை எல்லையின் இருபுறமும் கோட்டை ஒட்டியுள்ள வீடுகளை மாத்திரம் அவர் ஒப்பிட்டார். அங்கே வீதியும் ஒன்று, மரமும் ஒன்று, கடைத்தெருவும் ஒன்று. பாடசாலை மாத்திரம் வேறு. சோதனைப் புள்ளிகள் 5 வீதம் உயர்ந்த பாடசாலைக்காகப் பெற்றார் வீட்டு விலையில் ஏறக்குறைய இரண்டரை வீதம் கூடுதலாகக் கொடுக்கின்றனர் என்பது அவர் கண்ட முடிவு. பொதுவாக ஊகிக்கப்பட்டதில் அது பாதியளவே. எனினும் ஒரு குடும்பத்தின் முழுச் சேமிப்பும் வீட்டிலே கிடக்கும் நாட்டில் அது சிறு தொகையன்று.

கோடு மாறும்போது நிகழ்வது இதனிலும் கூர்மையானது. ஒஹையோ மாநிலத்தில் கிளீவ்லன்ட் நகரை அடுத்துள்ள ஷேக்கர் ஹைட்ஸ் என்னும் ஊரிலே 1987ல் சில பாடசாலைகள் மூடப்பட்டு எல்லைகள் திருத்தி வகுக்கப்பட்டன. தம் அயலிலிருந்த பாடசாலையை இழந்த பகுதிகளின் வீடுகள், ஏனையவை சமமாயிருக்க, ஏறத்தாழப் பத்திலொரு பங்கு விலை குறைந்ததாகப் பின்னர் ஆராய்ந்தோர் எழுதினர். அந்த வீடுகளிற் கூரை ஒழுகவில்லை, சுவர் வெடிக்கவில்லை. படத்தில் ஒரு கோடு நகர்ந்தது, அவ்வளவே.

இனிச் சார்லட்டுக்கு வருவோம். அது பருத்தி ஆலைகளால் வளர்ந்து, பின் வங்கிகளாற் செழித்த நகரம். அதனைச் சூழ்ந்துள்ள மெக்லன்பேர்க் கவுண்டியின் பாடசாலைகளும் நகரத்துப் பாடசாலைகளும் 1960ல் ஒரே சபையின்கீழ் இணைக்கப்பட்டன. நிருவாக வசதிக்காகச் செய்யப்பட்ட அவ்விணைப்பு பின்னாளில் எவ்வளவு பெரிய காரியமாய் முடியும் என்று அன்று எவரும் நினைத்திருக்கமாட்டார். கிழக்கு மேற்காக 22 மைல், வடக்குத் தெற்காக 36 மைல், ஏறக்குறைய 550 சதுர மைல் பரப்பு முழுவதும் ஒரே பாடசாலை மாவட்டமாயிற்று.

அப்பரப்பினுள்ளே மக்கள் கலந்து வாழவில்லை. கலவாமை தானாக வந்ததுமன்று. மயர்ஸ் பார்க் போன்ற செல்வர் குடியிருப்புகளின் காணி உறுதிகளிலேயே வெள்ளையர் தவிர்ந்த எவரும் அங்கே குடியிருத்தலாகாது என்ற நிபந்தனை எழுதப்பட்டிருந்தது. 1930களில் மத்திய அரசாங்கத்தின் வீட்டுக் கடன் நிறுவனம் நகரங்களின் படங்களை வரைந்து, கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளைச் சிவப்பு நிறத்தால் தீட்டி, அங்கே கடன் கொடுத்தல் ஆபத்து என்று குறித்தது. உறுதிகளிலுள்ள இன நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாது என்று 1948ல் உயர் நீதிமன்றம் தீர்த்தபோது வீடுகள் ஏற்கனவே கட்டப்பட்டு, அயல்கள் ஏற்கனவே அமைந்துவிட்டன. பின் 1960களில் நகரப் புனரமைப்பு என்ற பெயரில், நகர மத்தியை அடுத்திருந்த புரூக்லின் என்னும் கறுப்பின மக்களின் பகுதி முழுவதும் இடித்துத் தள்ளப்பட்டது. தேவாலயங்களும் கடைகளும் போயின. ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் வேறிடம் தேடின. வேறிடமென்பது பெரும்பாலும் வடமேற்குத் திசையாகவே அமைந்தது. ‘அயற் பாடசாலை’ என்று பிற்காலத்தில் உணர்ச்சியோடு பேசப்பட்ட சொல்லுக்குப் பின்னே இத்தனை அரசாங்கக் கைகள் இருந்தன என்பதை மறந்துவிட்டு இந்த வரலாற்றைப் படித்தால் அது விளங்காது.

இனவாரியான பாடசாலைகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்ற தீர்ப்பு 1954ல் வந்தது. சார்லட் அதனை மிக மெதுவாக ஏற்றது. 1957 செப்தெம்பரில் டொரதி கவுண்ட்ஸ் என்னும் 15 வயதுப் பெண் ஹார்டிங் உயர்தரப் பாடசாலைக்கு நடந்து சென்றாள். சூழ நின்று நகைத்த கூட்டத்தின் நடுவே நிமிர்ந்து சென்ற அப்பெண்ணின் படம் உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. நான்கு நாட்களின் பின் அவளுடைய பெற்றார் அவளை நிறுத்திக்கொண்டனர்.

ஏழாண்டுகள் கழிந்து, 1964ல், தாரியஸ் சுவான் என்பவர் சார்லட்டுக்கு வந்தார். அவர் ஜோன்சன் சி. சிமித் பல்கலைக்கழகத்துச் சமயவியற் போதகர். முன்னே இந்தியாவில் மிஷன் பணி புரிந்தவர். அவருடைய ஆறு வயது மகன் ஜேம்ஸ் இன ஒதுக்கல் என்பதை அதுவரை அறியாத பிள்ளை. வீட்டுக்கு அண்மையில், இரு இனத்தவரும் பயிலும் செவர்ஸ்வில் பாடசாலை இருந்தது; அங்கே சென்ற பிள்ளையை, கறுப்பினப் பிள்ளைகள் மாத்திரமே பயிலும் பிடில்வில் பாடசாலைக்குப் போகுமாறு திருப்பியனுப்பினர். சுவான் சபைக்கு எழுதினார், பயனில்லை. 1965 தை மாதத்தில் யூலியஸ் சேம்பர்ஸ் என்னும் இளம் கறுப்பின வழக்கறிஞர் அவருக்காகவும் வேறு சில பெற்றாருக்காகவும் வழக்கிட்டார். பின்னாளில் முழுக் கவுண்டியிலும் பஸ் வண்டிகளை ஓடவைத்த வழக்கு, அண்மையிலுள்ள பாடசாலையிலே மகனைச் சேர்க்க வேண்டுமென்ற ஒரு தந்தையின் விருப்பத்திலிருந்து பிறந்தது என்பது கவனிக்கற்பாலது. அண்மைப் பாடசாலை என்ற கோஷத்தைப் பின்னர் எடுத்துக்கொண்டோர் மறுதரப்பினரே.

சேம்பர்ஸ் இதற்குக் கொடுத்த விலை பெரிது. 1965 நவம்பரில் அவருடைய வீட்டிலும், நகரின் வேறு மூன்று கறுப்பினத் தலைவர்களின் வீடுகளிலும் ஒரே இரவிற் குண்டு வெடித்தது. 1971ல் அவருடைய அலுவலகம் தீக்கிரையாயிற்று. உயிர்ச்சேதம் இல்லாமற் போனது தெய்வாதீனம்.

வழக்கு 1968ன் பின் ஜேம்ஸ் மக்மிலன் என்னும் மாவட்ட நீதியரசர் முன் வந்தது. அவர் தென்னாட்டு வெள்ளையர். அந்நகரத்துச் செல்வர் வட்டத்திற் பழகியவர். பிள்ளைகளைப் பஸ்களில் ஏற்றிச் செல்வதை விரும்பாதவர். ஆயினும் சாட்சியங்களைப் படிக்கப் படிக்க அவர் மனம் மாறிற்று. 1968 - 69ல் அம்மாவட்டத்திலே 107 பாடசாலைகளில் 84,000க்கு மேற்பட்ட மாணவர் இருந்தனர். அவர்களுள் 71 வீதம் வெள்ளையர், 29 வீதம் கறுப்பினத்தவர். நகரத்துக் கறுப்பினப் பிள்ளைகள் 21,000 பேருள் ஏறக்குறைய 14,000 பேர் முழுதாகவோ நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேலாகவோ தம்மினத்தவரே பயின்ற 21 பாடசாலைகளில் அடைபட்டிருந்தனர். 1969 ஏப்ரலில் மக்மிலன் தம் தீர்ப்பை வழங்கினார்: சபை தன் எல்லைகளைத் திருத்தி வகுத்தல் வேண்டும்.

சபை முதலிற் செய்தது யாது? நகரத்துக் கறுப்பினப் பாடசாலைகள் ஏழை மூடிவிட்டு, அப்பிள்ளைகளுள் ஏறக்குறைய 3,000 பேரைப் புறநகர்களுக்கு அனுப்பத் தீர்மானித்தது. கோடு மாறுவதன் பாரம் எத்தோளில் விழும் என்பது இதிலேயே தெரிந்துவிட்டது. மூடப்பட்டவற்றுள்ளும் அவ்வாண்டில் மறைந்த செக்கண்ட் வார்ட் உயர்தரப் பாடசாலையின் கதை துயரமானது. புரூக்லின் பகுதியின் பெருமையாயிருந்த பாடசாலை அது. அதன் இடத்திற் புதியதொன்று எழுப்பப்படும் என்று வாக்களிக்கப்பட்டிருந்தது. வாக்கு வாக்காகவே நின்றது. வீடுகள் முன்னே இடிந்தன. பாடசாலை பின்னே இடிந்தது. பாடசாலையை இழந்த சமூகம் ஆசிரியரையும், வாத்தியக் குழுவையும், விளையாட்டுக் கிண்ணங்களை வைத்திருந்த கண்ணாடி அலுமாரியையும் சேர்த்தே இழக்கின்றது. இவற்றின் விலை எந்த வீட்டு விலைப் பட்டியலிலும் வருவதில்லை.

சபையின் திட்டங்கள் போதாவென்று கண்ட நீதியரசர், ஜோன் பிங்கர் என்னும் கல்வி நிபுணரை அழைத்தார். பிங்கர் வகுத்த திட்டத்தில் நகரத்தின் உள்ளேயுள்ள ஒன்பது கறுப்பின ஆரம்பப் பாடசாலைகள் புறநகரிலுள்ள 24 வெள்ளையர் பாடசாலைகளோடு இணைக்கப்பட்டன. முதலாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பு வரை கறுப்பினப் பிள்ளைகள் வெளியே செல்வர். ஐந்தாம் ஆறாம் வகுப்புகளில் வெள்ளைப் பிள்ளைகள் உள்ளே வருவர். கணக்கைக் கூர்ந்து பார்த்தால் ஒருபுறத்தார்க்கு நான்கு ஆண்டு, மறுபுறத்தார்க்கு இரண்டு ஆண்டு. அதிலும் மிகச் சிறிய பிள்ளைகளே முதலில் வண்டியேற வேண்டியவர்கள். நீதியின் பொருட்டு வகுத்த திட்டத்திலும் தராசு நேராய் நிற்கவில்லை.

புறநகர்களில் எழுந்த சினம் பெரிது. ‘கவலையுற்ற பெற்றார் சங்கம்’ என்ற பெயரில் ஆயிரக்கணக்கானோர் கூடினர். அண்மையிலுள்ள பாடசாலைக்காகவே இவ்வீட்டைக் கடன்பட்டு வாங்கினோம், இப்போது அதனை நீதிமன்றம் எடுத்துக்கொண்டது என்பது அவர்களுடைய முறைப்பாடு. அதனை வெறும் இனவெறுப்பென்று தள்ளிவிடுதல் எளிது. ஆனால் முழு உண்மையாகாது. ஆலைத் தொழிலாளியாய் உழைத்துச் சிறுவீடு கட்டியவன், வீட்டோடு பாடசாலையையும் வாங்கிவிட்டதாகவே எண்ணியிருந்தான். அந்த எண்ணத்தை விதைத்தவர்கள் வீடு விற்றவர்களும் கடன் கொடுத்தவர்களும் எல்லை வகுத்தவர்களுமேயாவர். மக்மிலனோ பழைய நண்பர்களை இழந்தார். கொலை மிரட்டல்களுக்கு உள்ளானார்.

1971 ஏப்ரல் 20ஆம் நாள் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஏகமனதாக மக்மிலனின் கட்டளையை உறுதிசெய்தது. தீர்ப்பை எழுதிய பிரதம நீதியரசர் வாரன் பேர்கர் சொன்னவற்றுள் இரண்டு நினைவிற் கொள்ளத்தக்கன. மக்கள் பாடசாலை இருக்கும் இடத்தை நாடிக் குடியேறுகின்றனர், பாடசாலைகளோ மக்கள் இருக்கும் இடத்தை நாடிக் கட்டப்படுகின்றன. ஆதலின் பாடசாலைக்கு இடந் தேர்தலே நகரின் குடியிருப்பை ஆக்கும் ஆற்றலுடையது என்பது ஒன்று. மற்றது பஸ் வண்டிகளைப் பற்றியது. அந்நாட்டில் 1969 - 70ல் ஒருகோடி எண்பது இலட்சம் பிள்ளைகள், அதாவது நூற்றுக்கு 39 பேர், பஸ்ஸிலேயே பாடசாலை சென்றனர். சார்லட்டிலேயே முன்னைய ஏற்பாட்டின்படி 23,600 மாணவர் நாடோறும் ஒருவழிக்குச் சராசரி 15 மைல், ஒரு மணிக்கு மேற்பட்ட நேரம், பிரயாணஞ் செய்து வந்தனர். புதிய திட்டத்தில் ஆரம்பப் பிள்ளைகளுக்குச் சராசரி ஏழு மைல். மிகுந்தது 35 நிமிடம். ஆகவே தூரம் என்பது பழைய விடயம்; எங்கே போய் இறங்குகின்றோம் என்பதே புதிய விடயம்.

முதற் சில ஆண்டுகள் கலவரமாகவே கழிந்தன. அவ்வேளையில் மற்றோர் அநீதியும் வெளிப்பட்டது. வடக்கு, மேற்குப் பகுதிகளின் எளிய வெள்ளைக் குடும்பங்களின் பிள்ளைகள் வண்டியேறினர்; தென்கிழக்கிலுள்ள செல்வர் பகுதிகள் பெரும்பாலும் தப்பிக்கொண்டன. கோடு எப்போதும் பெரிய வீடுகளை வளைந்து செல்லும் இயல்புடையது போலும். எல்லாத் தரப்பையும் சேர்ந்த குடிமக்கள் ஆலோசனைக் குழுவொன்று, மகி ரே என்னும் பெண்மணியின் தலைமையில், மாதக்கணக்காகப் படங்களையும் எண்களையும் வைத்துக்கொண்டு உழைத்தது. 1974ல் அக்குழு கொண்டுவந்த திட்டத்தின்படி மயர்ஸ் பார்க், ஈஸ்ட்ஓவர் முதலிய செல்வர் பகுதிகளின் பிள்ளைகளும் நகரின் மேற்கிலுள்ள வெஸ்ட் சார்லட் உயர்தரப் பாடசாலைக்குச் சென்றனர். வங்கி முதல்வரின் பிள்ளை செல்லும் பாடசாலையிற் கூரை ஒழுகினால் யாரும் அதை நெடுநாள் விட்டுவைப்பதில்லை. பாரம் எல்லார் தோளிலும் ஏறிய பின்னரே சார்லட்டிற் சினம் தணிந்தது. 1975 யூலையில் மக்மிலன் வழக்கின் கோவையை மூடினார். தம் இறுதிக் கட்டளைக்கு அன்னத்தின் கடைசிப் பாடல் என்று பொருள்பட அவர் தலைப்பிட்டார். வழக்காளியின் பெயரும் ஆங்கிலத்தில் அன்னத்தைக் குறிக்கும் சொல்லின் ஓசையுடையதாகலின் நீதியரசருக்கு அவ்வளவு நகைச்சுவை எஞ்சியிருந்தது.

அதே காலத்தில் வடக்கே பொஸ்டன் நகரம் பாடசாலைக் கலவரத்தால் எரிந்துகொண்டிருந்தது. டெட்ரொயிட்டில் நிகழ்ந்ததோ சட்டத்தின் போக்கையே மாற்றிற்று. அந்நகரிற் கறுப்பினத்தவர் மிகுதி. வெள்ளையர் புறநகர்களுக்குப் போய்விட்டனர். ஒவ்வொரு புறநகரும் தனித்தனிப் பாடசாலை மாவட்டம். 53 புறநகர் மாவட்டங்களையும் சேர்த்துக் கலக்க முயன்ற திட்டத்தை 1974 யூலையில் உயர் நீதிமன்றம் ஐவர்க்கு நால்வர் என்ற கணக்கில் மறுத்தது. மாவட்ட எல்லையைத் தாண்டலாகாது என்பது தீர்ப்பு. அதன் பொருளை வீடு வாங்குவோர் உடனே உணர்ந்திருப்பர்: மாவட்ட எல்லைக்கு அப்பால் வீடு வாங்கியவனைக் கோடு பின்தொடராது. சார்லட்டில் அத்தகைய புகலிடம் அருகில் இல்லை. எப்புறநகருக்குப் போனாலும் அதே 550 சதுர மைலுக்குள்ளேதான். 1960ல் நிருவாக வசதிக்காகச் செய்த இணைப்பின் பயன் இது. வீட்டை மாற்றுவதாற் பாடசாலையை மாற்றுவது கடினமாயிருந்தமையால் மக்கள் பாடசாலையைத் திருத்துவதில் மனம் வைத்தனர். 1984 ஒக்தோபரிற் ஜனாதிபதி ரீகன் சார்லட்டுக்கு வந்து பஸ் திட்டத்தைப் பழித்துப் பேசியபோது, தம்மை ஆதரிக்கக் கூடிய கூட்டமே மௌனமாய் நின்றதைக் கண்டார். மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகை அவர் கூற்றுத் தவறென்று ஆசிரியவுரை எழுதிற்று.

அந்நிலை நீடிக்கவில்லை. நகரம் செழித்தது, வேறு மாநிலங்களிலிருந்து உத்தியோகம் நாடி வந்தோர் தூரத்துப் புறநகர்களிற் குடியேறினர். பழைய போராட்டத்தை அவர்கள் அறியார். வீடு வாங்கும்போது பாடசாலையின் பெயரைக் கேட்டு வாங்கிப் பழகியவர்கள். புதிய பாடசாலைகளும் அவர்களைத் தொடர்ந்து நகரெல்லையிலேயே கட்டப்பட்டன. இருபது ஆண்டுகளுக்கு முன் பேர்கர் எச்சரித்த அதே வட்டம். 1992 முதற் கட்டாயப் பிரயாணத்தைக் குறைத்து, சிறப்புப் பாடங்கள் கொண்ட பாடசாலைகளால் இரு இனத்தாரையும் ஈர்க்கும் முறை வந்தது. அத்தகைய பாடசாலையொன்றில் இனக் கணக்கினால் தம் மகளுக்கு இடம் மறுக்கப்பட்டதென்று ஒரு வெள்ளைத் தந்தை 1997ல் வழக்கிட்டார். அதனை விசாரித்த நீதியரசர் ரொபேட் பொட்டர், தனிமனிதராயிருந்த காலத்திற் பஸ் திட்டத்தை எதிர்த்தவர். 1999ல் அவர் பழைய கட்டளைகள் இனி வேண்டாவென்று தீர்த்தார். மேன்முறையீட்டு நீதிமன்றம் 2001ல் அதனை ஏற்றது. 2002 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் வழக்கைக் கேட்க மறுத்துவிட்டது.

2002 இலையுதிர் காலத்திற் புதிய எல்லைகள் நடைமுறைக்கு வந்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் அயலிலே ஒரு பாடசாலை உறுதி. வேறு பாடசாலை வேண்டுமாயின் இடமிருந்தால் விண்ணப்பிக்கலாம். ஏறக்குறையப் பாதி மாணவரின் பாடசாலை அந்த ஓராண்டில் மாறிற்று. விண்ணப்பிக்கலாம் என்பது காகிதத்தில் எல்லார்க்கும் பொதுவே. ஆனால் விரும்பப்படும் பாடசாலைகள் அயலவராலேயே நிரம்பிவிடும். எஞ்சியது ஒன்றே வழி: கோட்டுக்குள் வீடு வாங்குதல்.

இதற்கு முன்னர், 1994 முதல் 2001 வரை, அக்கவுண்டியில் விற்கப்பட்ட வீடுகளின் விலைகளை மூன்று பொருளியலறிஞர் பின்னர் ஆராய்ந்தனர். நீதிமன்றக் கட்டளையின்கீழ் ஓரயலையே ஊடறுத்துக் கோடுகள் சென்ற காலமாதலின் அது ஆய்வுக்கு வாய்ப்பான இடம். கோட்டின் இருபுறமும் விலை வேறுபட்டமை தெளிவாகவே தெரிந்தது. ஆயின் அவ்வேறுபாடு மேலோட்டமான கணக்குக் காட்டியதில் நாலிலொரு பங்கே. கோடு மாறியபோது விலையும் மாறிற்று. அம்மாற்றத்தின் ஒரு பகுதி பாடசாலையால் நேரே வந்ததன்று, கோடு மாறியதைக் கண்டு வந்து குடியேறியோரும் விட்டுச் சென்றோரும் அயலையே மாற்றியதால் வந்தது. இதுவே மிகக் கருத வேண்டியது. எல்லை முதலிற் பிள்ளைகளைப் பிரிக்கின்றது. பின் வீடு வாங்குவோர் அந்தப் பிரிவைக் கண்டு தாமே பிரிகின்றனர். சில ஆண்டுகளிற் கோடு வெறும் அயலின் உண்மையைப் பிரதிபலிப்பது போலத் தோன்றுகின்றது. 2002ன் பின் பிள்ளைகளையுடைய வெள்ளைக் குடும்பங்கள் வீடு மாறும்போது தம்மினத்தவர் மிகுந்த பகுதிகளையே முன்னிலும் கூடுதலாகத் தெரிந்தனர் என்று 2014ல் வெளியான ஓர் ஆய்வு காட்டுகின்றது.

விலை ஏறுவதை எல்லாரும் நன்மையென்றே பேசுவர். யாருக்கு நன்மை என்பதைக் கேட்டல் வேண்டும். கோட்டுக்குள் ஏற்கனவே வீடு வைத்திருந்தவனுக்கு அது கையில் விழுந்த பணம். புதிதாய் வாங்குவோனுக்கு அது முப்பது ஆண்டு ஈட்டுக்கடன். வாடகைக்கு இருப்போனுக்கோ விலை உயர்ந்தாலும் கேடு, தாழ்ந்தாலும் கேடு: உயர்ந்தால் வாடகை உயர்ந்து வெளியேற வேண்டும், தாழ்ந்தால் அத்தாழ்வோடு சேர்ந்த பாடசாலையிற் பிள்ளை அமர வேண்டும். வீட்டு விலையைப் பற்றிய கூட்டங்களில் அவன் குரல் கேட்பதில்லை. அவனிடம் விற்க வீடில்லை.

பிள்ளைகளுக்கு நேர்ந்ததையும் அறிஞர் கணித்தனர். 2002ன் பின் சிறுபான்மையினர் மிகுந்த பாடசாலைகளுக்குக் கோட்டினால் ஒதுக்கப்பட்ட மாணவர், வெள்ளையராயினும் கறுப்பினத்தவராயினும், உயர்தரப் பாடசாலைச் சோதனைகளிற் சிறிது பின்தங்கினர். சிறுபான்மை இன ஆண்பிள்ளைகள் குற்றங்களிற் சிக்குவது கூடிற்று. அப்பாடசாலைகளுக்குப் பின்னர் மேலதிகப் பணமும் ஆசிரியரும் அளிக்கப்பட்டமையாற் படிப்பிலிருந்த குறை இளைய மாணவரிடையே ஓரளவு தணிந்தது. குற்றத்தின் பெருக்கம் தணியவில்லை. 2014ல் ராஜ் செட்டி என்னும் பொருளியலறிஞரும் அவர்தம் கூட்டாளரும் அமெரிக்காவின் பெரிய 50 நகரப் பகுதிகளை ஒப்பிட்டு, வறிய குடும்பத்திற் பிறந்த பிள்ளை செல்வனாகும் வாய்ப்பை வரிசைப்படுத்தினர். சார்லட் ஐம்பதாவது இடத்தில் நின்றது. அடிமட்டத்து ஐந்திலொரு பங்கினருள் மேல்மட்டத்து ஐந்திலொரு பங்கை எட்டியோர் நூற்றுக்கு நாலரைக்கும் குறைவு. அந்த ஆய்விற் கணக்கெடுக்கப்பட்ட பிள்ளைகள் 1980களின் தொடக்கத்திற் பிறந்து, பஸ் திட்டத்தின் காலத்திற் பயின்றவர்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்லல் வேண்டும். பாடசாலை எல்லை ஒன்றாலேயே வறுமை வந்துவிடவில்லை. எல்லையைத் திருத்தியதாலேயே அது போய்விடவுமில்லை.

அவ்வரிசை நகரத்தாரை நாணச் செய்தது. 2017ற் கல்விச் சபை எல்லைகளை மீண்டும் திருத்தத் துணிந்தது. இம்முறை இனத்தைக் கணக்கிடாமற் குடும்ப வருமானத்தைக் கணக்கிட்டது. 2018ல் பில்லிங்ஸ்வில், கொட்ஸ்வோல்ட் என்னும் இரு அயற் பாடசாலைகள் ஒன்றாக இணைக்கப்பட்டன. முன்னையது 1920களிற் கறுப்பினப் பிள்ளைகளுக்கென எழுந்த பாடசாலையின் வழிவந்தது. பின்னையது வசதியுள்ளோர் பகுதியிலுள்ளது. சிறு வகுப்புகள் முன்னையதிலும் மேல் வகுப்புகள் பின்னையதிலும் நடைபெறலாயின. பிங்கர் வகுத்த முறையே மீண்டும் வந்தது; தூரம் மாத்திரம் குறைந்தது, சிறு பிள்ளைகள் செல்லும் திசையும் மாறிற்று.

புரூக்லின் இருந்த இடத்திற் பழைய செக்கண்ட் வார்ட் பாடசாலையின் உடற்பயிற்சி மண்டபம் ஒன்றே இடியாமல் எஞ்சிற்று. 2023 நவம்பரிற் கவுண்டி வாக்காளர் அங்கீகரித்த 250 கோடி டொலர் பாடசாலைக் கடன் திட்டத்தில், செக்கண்ட் வார்ட் என்ற அதே பெயரில் ஓர் உயர்தரப் பாடசாலை கட்டுவதற்குப் பணம் ஒதுக்கப்பட்டது. பழைய பாடசாலை மூடப்பட்டு அப்போது 54 ஆண்டுகள் ஆகியிருந்தன.